ஐம்பது ரூபாயில் ஒரு கல்லூரி வாசல்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளிலிருந்து அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குப் பேராவூரணிக் கடைவீதியின் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கு ஓய்வு கிடையாது. தென்னந்தோப்பில் காய் வெட்டுக்கு ஆள் விட்டுவிட்டு வந்த அப்பா, கையில் பிளாஸ்டிக் உறையோடு அம்மா, ஓ.டி.பி. வரவேண்டிய செல்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கும் பிள்ளை. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வந்தவர்கள். அண்மை ஆண்டுகளில் அந்த விண்ணப்பத்துக்கான கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். சென்டர்காரர் வாங்கும் கூலி சில இடங்களில் இதைவிட அதிகம்.

2023ஆம் ஆண்டு சேர்க்கையின்போது தமிழ்நாட்டில் 164 அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருந்தன. அவற்றில் இளநிலை முதலாண்டு இடங்கள் 1,07,299. அதன் பிறகு புதிய கல்லூரிகளும் சேர்ந்திருக்கின்றன. உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், நாடு முழுமைக்கும் 28.4 சதவீதம் என்கிறது ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பு. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசும்போது பொறியியல் கல்லூரிகளின் பெருக்கத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தாலுகா தலைநகரங்களில் வெயில் காயும் மைதானத்தோடு நிற்கும் அரசு கலைக் கல்லூரிகளை யாரும் சொல்வதில்லை. "ஆர்ட்ஸா? ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிற உறவுக்காரர் இன்னும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

அந்த உறவுக்காரருக்குக் கும்பகோணம் கல்லூரியின் கதையைச் சொல்ல வேண்டும். பெருமைக்காக மட்டுமல்ல; அந்தக் கதையில் கசப்பும் இருக்கிறது.

காவிரிக் கரையில் இருக்கும் கும்பகோணம் அரசு கல்லூரி 1854இல் பள்ளியாகத் தொடங்கி, 1867இல் கல்லூரியானது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து வந்த டபிள்யூ.ஏ. போர்ட்டர் அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். அவர் பெயரில் ஊரில் இன்றும் ஒரு டவுன் ஹால் இருக்கிறது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்ற பட்டம் இந்தக் கல்லூரிக்கு அப்போது வந்ததுதான். வலங்கைமானிலிருந்து வந்த ஏழைப் புரோகிதர் வீட்டுப் பையன் ஒருவன் இங்கே பி.ஏ. முடித்து, பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனான். அவர்தான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி.

இன்னொரு பையன் தோற்றுப் போனான்.

சீனிவாச ராமானுஜன் 1904இல் உதவித்தொகையுடன் இந்தக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அதற்கு முன்பே, பள்ளி நாட்களில், இதே கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் வழியாகக் கிடைத்த ஜி.எஸ். கார் எழுதிய கணிதச் சுருக்க நூல் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் மற்ற பாடங்கள் நடக்கும்போதும் அவர் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோனது. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். துணிக்கடையில் கணக்கெழுதிய அப்பாவின் மாதச் சம்பளம் 20 ரூபாய். 1905இல் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்று, அங்கேயும் கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் போனார். பட்டம் வாங்காமலேயே கேம்பிரிட்ஜ் வரைக்கும் போன கதை எல்லோருக்கும் தெரியும்.

இதைக் 'கல்லூரி மேதையை அடையாளம் காணவில்லை' என்று எளிதாக முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி. காரின் புத்தகம் அந்தக் கல்லூரி நூலகத்தில் இருந்ததால்தான் அவர் கைக்கு வந்தது. அவரைத் தோற்கடித்தது ஒரு விதி: எல்லாப் பாடத்திலும் ஒரே தடவையில் தேற வேண்டும், தேறாவிட்டால் பணமும் போகும், வகுப்பும் போகும். இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் படிக்கும் ஒரு பி.எஸ்சி. மாணவருக்கு அந்த விதி கிடையாது. பார்ட் டூ இங்கிலீஷில் 'அரியர்' விழுந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். அரியரைப் பின்னர் எழுதித் தேறலாம். காவிரி டெல்டாவின் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசினால் மூன்று ஆண்டுப் படிப்பில் அவர்களை அதிகம் மிரட்டுவது இந்த ஆங்கிலத் தாள்தான் என்பது தெரியும். ராமானுஜனுக்கு அரியர் என்ற வசதி இருந்திருந்தால், விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறியிருக்க வேண்டியதில்லை.

ராமானுஜன் சேர்வதற்கு முந்தைய ஆண்டுவரை இதே கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் உ.வே. சாமிநாதையர். 1880 பிப்ரவரியில், ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியாரின் பரிந்துரையில் மாதம் 50 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று தான் படித்தவற்றை அடுக்கினார். முதலியார் எதற்கும் மசியவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அங்கிருந்து தொடங்கியது எல்லாம். சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இவை எல்லாம் அச்சேறியது, பகலில் எஃப்.ஏ., பி.ஏ. வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு மீதி நேரத்தில் ஏடுகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அரசு கல்லூரித் தமிழாசிரியரின் உழைப்பில். 1903இல் அவருக்குச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல் வந்தது.

கலைக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக வருகிறது. முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம். இரண்டும் நான்கு செமஸ்டர்களுக்கு உண்டு. மூன்றாவதில்தான் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். நான்காவதில் சுற்றுச்சூழல், வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம் போன்றவை. ஐந்தாவதில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற புறச்செயல்கள். ஆகவே, இயற்பியல் படிக்கும் மாணவி ஆய்வகத்தில் வெர்னியர் அளவை எடுத்துவிட்டு, அடுத்த மணியில் உ.வே.சா. அச்சேற்றிய நூல்களில் ஒன்றிலிருந்து பாடம் கேட்கிறாள். வணிகவியல் மாணவன் சங்கப் பாட்டும் புதுக்கவிதையும் எழுதித் தேற வேண்டும். ஹரியானா சோனிபட்டில் 2014இல் தொடங்கிய அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் இதையொத்த பரந்த படிப்பை, இன்னும் விரிவாகவும் செழிப்பாகவும், ஆண்டுக்குப் பல லட்சங்களுக்குக் கொடுக்கின்றன. அங்கே வகுப்பறை சிறியது, ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்; ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஆனால் ஒரு துறையை மட்டும் படித்து வெளியேறக் கூடாது என்ற எண்ணம் நம்மூர் அரசு கல்லூரிக்கும் அன்றிலிருந்தே இருக்கிறது. பிள்ளைகள் அதைப் 'பாஸாகவேண்டிய பேப்பர்' என்று பார்ப்பதும், ஆசிரியர்கள் சிலரும் அப்படியே நடத்துவதும் வேறு விஷயம்.

கசப்பு என்று மேலே சொன்னது வேறொன்று. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' பட்டம் வாங்கிய காலத்தில் கும்பகோணம் கல்லூரியின் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு சாதிகளைச் சேர்ந்த ஆண்கள். சுற்றியிருந்த வயல்களில் நாற்று நட்ட, அறுத்த வீடுகளிலிருந்து அங்கே போனவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வாசல் அகலமானது சுதந்திரத்துக்குப் பிறகு. தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி பெயரில் 1955, பெண்களுக்கென்று கும்பகோணத்தில் 1963, தஞ்சையில் குந்தவை நாச்சியார் பெயரில் 1966, திருவாரூரில் திரு.வி.க. பெயரில் 1970, மன்னார்குடியில் 1971. இவற்றில் படித்தவர்கள்தான் டெல்டாவின் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களாகவும், தாலுகா ஆபீஸ்களுக்கு எழுத்தர்களாகவும், வங்கிகளுக்குக் காசாளர்களாகவும் போனார்கள்.

பேராவூரணிக்கு இது வந்தது வெகு தாமதமாக. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து திறந்த கல்லணைக் கால்வாய், ஊர்க்காரர்கள் சொல்லும் 'புது ஆறு', ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை எல்லாம் நனைத்துவிட்டுக் கடைமடையான பேராவூரணிக்குக் கடைசியாக வருவதைப் போலத்தான் கல்லூரியும் வந்தது. அதற்கு முன்பு இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு வழி பூண்டியிலோ அதிராம்பட்டினத்திலோ உள்ள உதவி பெறும் கல்லூரி, அல்லது தஞ்சாவூர், புதுக்கோட்டை. பையனாக இருந்தால் விடுதியில் விட்டார்கள். பெண்ணாக இருந்தால் பல வீடுகளில் பிளஸ் டூவோடு நிறுத்தினார்கள். இன்று பேராவூரணியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அறந்தாங்கி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசு கல்லூரிகள் உண்டு. சேதுபாவாசத்திரம் கடற்கரைக் கிராமத்திலிருந்தும் தோப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் குடிக்காடுகளிலிருந்தும் காலையில் பஸ்ஸேறி மாலையில் வீடு திரும்பலாம். அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட்டே கிடையாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையைச் சாய்த்தது. தென்னை நட்டுக் காய்க்க ஆண்டுகள் ஆகும். வருமானம் மொத்தமாக நின்ற வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்க வேண்டுமானால், கட்டணம் ஆயிரங்களில் இருக்க வேண்டும், லட்சங்களில் அல்ல. அரசு கல்லூரியில் பயிற்றுக் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வுக் கட்டணம், இதர கட்டணங்கள் என்று ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தனித்தனியாக உதவித்தொகையும் தங்கும் விடுதியும் உண்டு.

இதற்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் 2022 செப்டம்பர் 5 முதல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை விரித்தார்கள். பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடியவர். அவர் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண உதவித் திட்டம். பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022இல் அந்தப் பணத்தைக் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பினார்கள். தங்கம் போய்விட்டதே என்று வருந்திய அம்மாக்களும் உண்டு. இராமாமிர்தம் அம்மையாரைக் கேட்டிருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதில் அவ்வளவு சந்தேகமில்லை.

இனி, விண்ணப்பம் போடப் போகிறவர்களுக்கு.

நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்த் தாள் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலத் தாள் மதிப்பெண், மற்ற பாடங்களுக்கு மொழி தவிர்த்த நான்கு பாடங்களின் மதிப்பெண் என்று தனித்தனித் தரவரிசைப் பட்டியல் போடுவார்கள். பிளஸ் டூவில் மொத்தம் குறைவாக இருந்தாலும் தமிழில் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளை தமிழிலக்கியப் பட்டியலில் முன்னுக்கு வந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்குக் கலந்தாய்வு, பிறகு பொது. 69 சதவீத இடஒதுக்கீடு அப்படியே பொருந்தும்.

எங்கே பார்த்தாலும் கூட்டம் பி.காம்.முக்கும் கணினி அறிவியலுக்கும்தான். அந்த இடங்கள் முதலில் தீரும். வரலாறு, பொருளாதாரம், கணிதம், இயற்பியல் இடங்கள் கடைசிக் கலந்தாய்வு வரை மிஞ்சும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அரசு வேலைத் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொல்லி பி.காம். கேட்கிறார்கள்; குரூப் 2 தேர்வின் பொது அறிவுப் பகுதியில் வருவதோ வரலாறும் அரசியலமைப்பும் பொருளாதாரமும். வங்கிக்குப் போக விரும்புகிற பிள்ளைக்கும் பட்டம் எந்தத் துறையில் என்பது தடையில்லை. பாடத்தில் ஆசையும் இல்லாமல், கணக்கும் போடாமல், கூட்டம் நிற்கிற வரிசையில் போய் நிற்பது மூன்று ஆண்டுகளைச் சிரமமாக்கிவிடும்.

பயிற்றுமொழியையும் விண்ணப்பிக்கும்போதே யோசிக்க வேண்டும். பல துறைகளில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பள்ளியெல்லாம் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் 'கெத்துக்காக' ஆங்கிலவழி எடுக்கும் பிள்ளை, பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் வேலைகளில் அந்த 20 சதவீதத்தைத் தன் கையாலேயே விட்டுக்கொடுக்கிறது. ஆங்கிலவழிக்கும் காரணம் உண்டு: வெளி மாநிலத்தில் மேற்படிப்பு, தனியார் வேலை. எதுவானாலும் தெரிந்து எடுக்க வேண்டும்.

சில அரசு கல்லூரிகளில் இரண்டு சுழற்சி வகுப்புகள் உண்டு. காலைச் சுழற்சி மதியத்தோடு முடியும். அப்படி முடித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பிலும், மொபைல் கடையிலும், தேங்காய் மண்டியிலும் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகள் டெல்டாவில் ஏராளம். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டார்கள்.

குறைகளை மூடி வைக்க முடியாது. பெரியது ஆசிரியர் பற்றாக்குறை. நிரந்தரப் பேராசிரியர்கள் ஓய்வுபெற்ற இடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுகிறார்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர்கள்; வேலை நிரந்தரமில்லை, சம்பளம் ஆண்டில் 11 மாதத்துக்குத்தான். இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. இங்கே கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான். 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டது; அந்த ஆண்டு ஆகஸ்டுக்கு வைத்த தேர்வு தள்ளிப்போனது. இதற்கிடையில் பல வகுப்பறைகளில் நல்ல பாடம் நடக்கிறதென்றால், அது சம்பளத்துக்கு மேல் உழைக்கிற அந்த விரிவுரையாளர்களின் தயவு.

அதனால் சேரும் முன்பே ஒருமுறை கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வகம் இயங்குகிறதா, நூலகம் எத்தனை மணி வரை, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இருக்கிறதா, 'நான் முதல்வன்' பயிற்சி வகுப்புகள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று சீனியர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். என்.எஸ்.எஸ்.ஸை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஏழு நாள் கிராம முகாமில் போய்த் தங்கி, ஏரிக்கரையைச் சுத்தம் செய்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த பிள்ளைக்கு நான்கு பேர் முன்னால் பேசும் தைரியம் தானாக வருகிறது.

பட்டம் முடித்த பிறகு போக வேண்டிய தூரமும் அதிகமில்லை. திருவாரூர் நீலக்குடியில் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே முதுகலையில் சேர சியுஇடி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் அரசு கல்லூரிப் பிள்ளைகளில் பலர் அந்தத் தேர்வின் பெயரையே மூன்றாம் ஆண்டு முடியும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். அதற்குள் விண்ணப்பத் தேதி போயிருக்கும். ஆகவே அதை இரண்டாம் ஆண்டிலேயே விசாரித்து வைக்க வேண்டும். தமிழ் முதுகலைக்கும் ஆய்வுக்கும் தஞ்சாவூரில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம். ஆசிரியர் வேலையென்றால் இரண்டாண்டு பி.எட்.

கலந்தாய்வுக்குப் போகும் நாளில் ஒரு காரியம் செய்ய வேண்டும். மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஐந்தாறு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை ஸ்கேன் செய்து செல்போனிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டால் அது திரும்ப வர நாளாகும். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் பஸ் பாஸுக்கும் மறுபடி மறுபடி இவற்றையே கேட்பார்கள். முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்து அது ஒன்றில் சேர்ந்துவிடும்போது மற்ற இடங்கள் காலியாகும். அடுத்தடுத்த கலந்தாய்வுகள் ஜூன் முழுக்க நடக்கும். கல்லூரியின் அறிவிப்புப் பலகையை வாரம் இருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் தேதியை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.